அறுபத்தொன்றாம் சொல்

புதுநகரம் ஸ்டேஷனில் பாலக்காடு வண்டிக்கு நிற்கும்போது
யாராவது அத்தாவிடம் கேட்டுவிடுவார்கள்,
மக என்ன படிக்கறா?
மொழியியல்.
அப்ப எத்தனை மொழி தெரியும்?
அத்தா என்னைப் பார்ப்பார்,
கல்லாவில் சில்லறை உதைக்கிற நாளில் பார்ப்பதுபோல.
இரண்டு, என்பேன். இரண்டும் அரைகுறை.

முதல் செமஸ்டர் முழுக்க வாய்க்குள்தான் குடியிருந்தோம்.
நாக்கு நுனி பல்லில் படுகிறதா, பல்லுக்கு மேலேயா என்று
ஒரே கைக்கண்ணாடியைக் கைமாற்றி
பெஞ்சு பெஞ்சாக வாயைப் பிளந்தோம்.
தமிழில் ந, ன என்று எழுத்து இரண்டு; என் வாயில் ஓசை ஒன்று.
மலையாளத்தில் எழுத்து ஒன்று;
ஒற்றப்பாலத்து நிமிஷாவின் வாயில் ஓசை இரண்டு.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
யாரோ சரக்கை மாற்றி இறக்கிவிட்டார்கள் என்றாள் அவள்.
நோட்டில் நான் எழுதிவைத்த ஒரே வரி அன்றைக்கு அதுதான்.

இரண்டாம் வருடம் நட்சத்திரம் வந்தது.
யாரும் பேசாத வாக்கியத்தின் நெற்றியில் இடுவது.
* நான் நேற்று வருவேன்.
* பூனை என்னைத் தூங்கியது.
நாங்களும் செய்து பார்த்தோம்:
* காண்டீன் சாம்பார் நன்றாக இருக்கிறது.
ஸ்ரீலேகா டீச்சர் சிரிக்காமல் நட்சத்திரத்தை அழித்தார்.
இது இலக்கணப்படி சரி, ஹபீசா.
பொய் வேறு டிபார்ட்மென்ட்.

ஐந்தாம் செமஸ்டரில் நூறு சொல் பட்டியலோடு
வேலந்தாவளம் எடைமேடைக்குப் போனேன்.
மக்காச்சோள மூட்டை மேல் ஆறுச்சாமி,
துண்டால் கழுத்தைத் துடைத்தபடி.
செல்போனைப் பக்கத்து மூட்டையில் சாய்த்து வைத்தேன்.
நாய்க்கு என்ன சொல்வீங்க?
நாயின்னுதான்.
பேனுக்கு?
பேனுதான். ஏன் அம்மிணி, தலையில இருக்குதா?
இருபத்திரண்டாம் கட்டத்தில் அதையும் எழுதினேன்.
மரம், விதை, இலை, வேர்.
வெயில் மேடையைத் தாண்டி லாரி நிழலைச் சுருட்டியது.
குடிக்கறது, திங்கறது, கடிக்கறது,
தூங்கறது.

அறுபத்தொன்று: சா.

கன்னுக்குட்டின்னா செத்துப்போச்சும்போம்.
பெரிய கவுண்டர் போனாருன்னா தவறிட்டாரும்போம்.
பேனா ஓடிக்கொண்டிருந்தது.
வீட்டுக்காரி மரிச்சு.

நிமிர்ந்தேன்.
அறுபது சொல்லுக்கும் கோவைப் பக்கத்தை விட்டு
ஓரடி நகராத மனிதர்.

திருச்சூர் ஆஸ்பத்திரில நர்ஸம்மா அப்படித்தான் சொல்லுச்சுங்க.
ஆள் மரிச்சுன்னு.
நாலு வருசமாச்சு.
நம்ம பேச்சுல அத இன்னும்
ஆருகிட்டயும் நான் சொல்லலீங்க.

எடைமேடையில் ஒரு லாரி ஏறியது.
சிவப்பு எண்கள் தடுமாறி, தடுமாறி, நின்றன.

கடன்சொல் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு.
அதைச் சும்மா விட்டேன்.
தாளின் ஓரத்தில், அவருக்குத் தெரியாமல்,
* எம் பொண்டாட்டி செத்துப் போயிட்டா
என்று எழுதினேன்.
எழுவாய் சரி, பயனிலை சரி,
பெண்பால் விகுதி உட்பட எல்லாம் சரி.
டீச்சர் நட்சத்திரத்தைச் சிவப்பில் அடிப்பார்,
இரண்டு மார்க் போகும். போகட்டும்.

அறுபத்திரண்டு: கொல்.
கேட்கவில்லை.

அறுபத்துமூன்று.
நீந்தறதுக்கு என்னன்னு சொல்வீங்க?

நீச்சலா?
மூட்டையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.
கெணத்துலயா, வாய்க்கால்லயா அம்மிணி?