நான்கு லிட்டர், டிக்கியில்

டபிள்யூ என்றால் குளிர்காலம் என்று தெரியாமலே
பதினொரு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.
பிஷ்கெக், நரின், மறுபடி பிஷ்கெக்.
பின்சீட்டில் மூன்று பேர், சில நாள் ஓர் ஆட்டுக்குட்டியும்.

நாளை வண்டியை விற்கிறேன்.
இன்று அதற்கு என் கையால் கடைசி ஆயில்.

கார்ச் சந்தையில் மைரம்பெக்கின் கடை,
கடலே இல்லாத நாட்டுக்கு வந்து சேர்ந்த கப்பல் பெட்டி.
இரண்டு புட்டிகளை இரவெல்லாம் உறைபனியில் விட்டிருந்தான்.
என் எதிரே கவிழ்த்தான்.
பூஜ்யம் டபிள்யூ முப்பது, பால்போல் ஓடியது.
பதினைந்து டபிள்யூ ஐம்பது யோசித்தது;
கம்பிப் பதம் தாண்டிய பாகாய்
கழுத்திலேயே நின்றுகொண்டது.

"விற்கிற வண்டியா?
கெட்டியானதை ஊற்று அக்கா.
தட்டுகிற சத்தம் ஒரு மாதம் தூங்கும்."

தட்டுகிறது என்று நான் சொல்லவே இல்லை.
வாசலில் நிறுத்தும்போதே கேட்டிருக்கிறான்.

எண்பது சோமுக்கு ஒரு ஃபில்டர்,
தகரத்தைவிட பெயின்ட் கனம்.
முந்நூற்றைம்பதுக்கு இன்னொன்று.
உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன்:
சிவப்பு ரப்பர் வால்வு, உதடுபோல் மென்மை.
இன்ஜின் அணைந்த பிறகும்
ஒரு வாய் எண்ணெயை விழுங்காமல்
ராமுழுக்க வைத்திருக்குமாம்,
விடிந்ததும் முதல் சுற்று வறண்டு சுழலாதபடி.

வாங்குகிறவள் புருல். கால்நடை மருத்துவர்.
அட்பாஷியில் புது வேலை.
அட்பாஷியின் ஜனவரி எனக்குத் தெரியும்:
துப்பினால் தரையில் சத்தம் கேட்கும்.

கெட்டியானதையே ஊற்றச் சொன்னேன்.
மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும்.
இது காரணம்தான், நியாயம் என்று சொல்லவில்லை.
மூன்றாவது சிலிண்டர் வாயை மூடிக்கொண்டது.

கைத்துணியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு பர்சை இன்னொரு தடவை திறந்தேன்:
மெல்லியது நான்கு லிட்டர்,
சிவப்பு வால்வு ஃபில்டர் ஒன்று.
மைரம்பெக் எதுவும் கேட்கவில்லை.
மீதிச் சில்லறையை மட்டும் இரண்டு முறை எண்ணினான்.

புருல் பேரம் பேசவில்லை.
பேசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.
"டிக்கியில் ஒரு பை இருக்கிறது.
தோலோன் கணவாய் தாண்டி ஊர் சேர்ந்ததும்
ஆயிலை மாற்றிவிடு" என்றேன்.
புதுச்சாவி வாங்கிய கை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஜனவரியில் ஃபோன்.
"மைனஸ் முப்பத்தொன்று அக்கா.
பக்கத்து வீட்டில் வண்டிக்கு அடியில் கரி மூட்டுகிறார்கள்,
நம்முடையது ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது.
ஆனால் ஏதோ தட்டுகிறதே?"

போனட் பக்கத்தில் ஃபோனைப் பிடித்தாள்.
டக், டக், டக்.
"மூன்றாவது சிலிண்டர்" என்றேன்.
"போன வருஷத்திலிருந்தே."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
வண்டி ஓடிக்கொண்டிருந்தது.
அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.