முடுக்கிய பிறகு

தாம்பெரேவுக்கு வடக்கே, முன்பு மரக்கிடங்காக இருந்த கொட்டகையில்
எங்கள் பட்டறை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு.
உள்ளே இரண்டு எந்திரங்கள்,
முன்பு ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு பேர்.

துயிரே கணினியோடு.
இல்போ கைச்சக்கரத்தோடு.
மணமுறிவில் படகு, நாய், பாத்திரம் எல்லாம் பிரிந்தன.
கம்ப்ரெசரைப் பிரிக்க வழியில்லை,
ஆகவே இன்னும் ஒரே கூரை.

நான் கெர்ட்டு. ஹோனிங் போடுகிறவள்.
அவர்கள் துளைத்துவிட்டு மிச்சம் வைக்கும்
ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஆறு பங்கு
என் பிழைப்பு.

உறைந்த ஏரியின் மேல் கார் ஓட்டும் ரைலி
இரண்டு பிளாக் கொண்டுவந்தாள். ஒன்று ஓட, ஒன்று உதிரி.
"ஆளுக்கொன்று" என்றாள்.
தெரியாமல் சொன்னாளா, விளையாட்டுப் பார்க்கச் சொன்னாளா,
அவள் முகத்தில் எதுவும் இல்லை.

துயிரே கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள்.
பால்நிறக் குளிர்நீர் கண்ணாடியில் வழிந்தது.
முப்பத்தெட்டு நிமிஷம். அதற்குள்
கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்று
மின்கட்டணமும் கட்டிவிட்டாள்.

இல்போவுக்கு ஒன்றரை நாள்.
டயல் முள்ளைப் பார்ப்பான், சக்கரத்தைக் கடுகளவு திருப்புவான்,
பிளாக்கைத் திட்டுவான், பிறகு மன்னிப்புக் கேட்கிறவன் போல
துணியால் துடைப்பான்.

"உன் பெட்டி வரைபடத்தை நம்புகிறது," என்றான்.
"வார்ப்புக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது.
மணல் கரு நகர்ந்திருக்கிறது.
மூன்றாவது சிலிண்டரில் ஒரு பக்கச் சுவர் அப்பளம்.
நான் கால் மில்லிமீட்டர் ஒதுக்கித் துளைத்தேன்."

துயிரே பதில் சொல்லவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள்.
இரண்டு பிளாக்கும் ஒரே அச்சில் பிறந்தவை, குறையும் ஒன்றே.
ஒலிமானி வைத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து
நிரலில் ஒரே ஒரு வரியைத் தன் விரலால் மாற்றியிருந்தாள்:
மூன்றாவது துளை, சுழியம் புள்ளி இருபத்து மூன்று.

கால், இருபத்து மூன்று.
வழக்கு மன்றத்தில்கூட அவர்கள்
இவ்வளவு நெருங்கி வந்ததில்லை.

அளந்தேன். அவளுடைய நான்கு துளைகளும் நான்கு மைக்ரானுக்குள்.
அவனுடையவை ஒன்பது.
அவள் சிரித்தாள். அவன்,
"மயிரிழையில் பத்தில் ஒன்று, அதற்கென்ன" என்றான்.

பிறகு நான் தடித்த எஃகுத் தகட்டை மேலே வைத்து,
ஹெட் உட்காரும்போது எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு,
பத்து போல்ட்டையும் மூன்று சுற்றில் முடுக்கி
அளவுமானியை மறுபடி இறக்கினேன்.

இருபத்தொன்று, அவளுடையது.
இருபத்து மூன்று, அவனுடையது.
வட்டங்கள் எல்லாம் லேசாக முட்டை.

கம்ப்ரெசர் தானாகக் கிளம்பித் தானாக நின்றது.
அந்தச் சத்தத்துக்கு நன்றி.
யாரும் இறுக்காத இரும்பில்
யார்தான் வட்டம் போடமாட்டார்கள்?

தகட்டைக் கழற்றாமலே கல்லை இறக்கினேன்.
எண்ணெய், கோடு, குறுக்குக்கோடு.
தேய்க்கத் தேய்க்கச் சூடேறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரான்.
நிறுத்தி, காபி குடித்து, ஆறவிட்டு, மறுபடி.
என் கல்லையும் எந்திரம்தான் ஆட்டுகிறது;
நிறுத்துவது மட்டும் நான்.
இரண்டாம் நாள் இரவு எட்டும் வட்டமாயின.

தகட்டைக் கழற்றினேன்.
காலையில் இல்போ வெறும் துளையில் முள்ளை விட்டுப் பார்த்து
"இதற்கா கூலி கேட்கிறாய்?" என்றான்.
துயிரேவும் பார்த்தாள். அவள் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ரைலி மூன்றாவதாக வந்தாள்.
ஏரியிலிருந்தே போன். பின்னால் காற்று, யாரோ கத்துகிறார்கள்.
"நான் ஓட்டினது யார் போட்டது?"

என்னுடையது என்றாள் துயிரே. என்னுடையது என்றான் இல்போ.
அடையாளம் குத்த நான் மறந்துவிட்டேன்;
மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியுமா?" என்றாள்.

கழற்றினால்
வட்டம் இருக்காதே, ரைலி.