வெறுங்குழாய்

வண்ணார்பேட்டை, மூன்றாம் மாடி.
ஐந்து கருவுக்கு ஐந்து குழாய்.
ஆறாவதில் எதுவும் இருக்கக்கூடாது;
அதற்குத்தான் அது.

எண்ணை நான் வாசிக்க
பீர்முகம்மது திருப்பி வாசித்தான்.
இரண்டு கையெழுத்து.

இன்று காலை
வெறுங்குழாய் பேசிவிட்டது.
இந்தக் கட்டிடத்தில் யாரும்
சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னது:
பெண்.
ஊழியர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தோம்.
நான்தான்.
கையுறைக்கும் கைப்பட்டிக்கும் நடுவே
ஒரு விரற்கடை மணிக்கட்டு.

ஐந்து முடிவும் செல்லாது,
நல்லதென்று வந்த இரண்டும்.

பணகுடியில் காற்றாலை இரைச்சலுக்கு நடுவே
ஜெபசீலி கத்தினாள்:
"ஒண்ணுமில்லல்லா மேடம்?
மூத்தவனுக்கு மாதிரி ரத்தம் ஏத்தண்டாம்லா?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான்
ஒரு குழாய் வைத்திருந்தேன்.

"இன்னும் தெரியலம்மா.
தப்பு என் கையில."

மறுமுனையில்
காற்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.