மடியில் கனம்

லீபாயாவில் காற்று வீசாத நாள் கிடையாது.
கடைக்கதவைத் தள்ளி உள்ளே போவதற்குள்
எஸ்தெரேயின் தொப்பி இருமுறை ஓடிவிட்டது.

"யாருக்கு?" என்றான் விற்பனைப் பையன்.
சட்டையில் ரிஹார்ட்ஸ் என்று பெயர்வில்லை.
"வீட்டுக்கு" என்றேன்.
"வீட்டில் யார் யார்?"
குடிக்கணக்கு எடுக்க வந்தவர்போலக் கேட்கிறான்.
விரல்விட்டு எண்ணினேன்:
நான், இவள்,
அப்புறம் மூன்றாவது விரல்
பாதி மடங்கி நின்றது.

குந்தார்ஸ் சரக்குக் கப்பலில் இயந்திர அறைக்காரன்.
ஆறு வாரம் கடல், நான்கு வாரம் வீடு.
நான்கில் ஒன்று தூக்கத்தில் போய்விடும்.
கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனான்:
"மடிக்கணினியாகவே வாங்கு,
எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்."

எங்கே வேண்டுமானாலும்.
பழையதும் அப்படித்தான் போனது.
ராட்டர்டாம் போனது, பில்பாவோ போனது.
என் கணக்குகளும்
இவள் முதல் பல் விழுந்த படங்களும்
அதற்குள்ளேயே கப்பலேறிப் போயின.
வரி கட்டும் கடைசி நாளில்
நான் நூலகத்தில் வரிசையில் நின்றேன்.
பிறகு ஏதோ ஓர் அலையில்
அடுக்குக் கட்டிலிலிருந்து விழுந்ததாம்,
கீல் முறிந்து, வாயைப் பிளந்தபடி திரும்பி வந்தது.

ரிஹார்ட்ஸ் நல்லவன்.
"இது ஒன்றேகால் கிலோ. பேட்டரி பதினோரு மணி நேரம்.
அது பெட்டி. திரை தனி, கீபோர்டு தனி, ஒரே ஒயர்.
ஆனால் கெட்டால் திறக்கலாம்,
பத்து வருடம் ஓட்டலாம்.
இதைத் திறந்தால் என்னாலேயே மூட முடியாது."

எஸ்தெரே பள்ளி அடிக்கோலை உருவினாள்.
சமையலறை மேசை நூற்றுப் பதினொரு சென்டிமீட்டர்,
காலையிலேயே அளந்து வைத்திருக்கிறாள்.
திரைக்கு ஐம்பத்து நான்கு. மீதி சூப்புக்கு.
"மூன்று தட்டு வைக்க முடியாதே" என்றேன்.
"இரண்டு போதுமே" என்றாள்,
அடிக்கோலிலிருந்து கண்ணெடுக்காமல்.

அதற்குப் பிறகு நான் விலை பார்க்கவில்லை.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயமாம்.
கனமே இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு
இத்தனை நாள் பயந்து கிடந்தேன்.
சுவரோடு கட்டிப்போட்ட ஒன்று வேண்டும் எனக்கு.
காலையில் விட்ட இடத்தில்
மாலையிலும் இருக்கும் ஒன்று.

மேசைக்கணினி டிராமில் வீடு வந்தது.
திரையை எஸ்தெரே கட்டிக்கொண்டாள்.
பெட்டியை வைக்க இடமில்லை,
என் மடியில் வைத்துக்கொண்டேன்.
எட்டுக் கிலோ. தொடை மரத்துப்போனது.
பரிசோதகர் பயணச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"மடிக்கணினியா?" என்றார், சிரிக்காமல்.

பதினாறாம் நாள் திரையில் குந்தார்ஸ்.
பின்னால் ஏதோ குழாய், கன்னத்தில் எண்ணெய்.
இவ்வளவு பெரிதாக அவனைப் பார்த்ததில்லை,
மூக்கே என் உள்ளங்கை அகலம்.
"சன்னலில் காற்று வருகிறதென்றாயே, அடைத்தாயா? காட்டு."
சன்னல் அடுத்த அறையில்.
கேமராவின் ஒயர் ஒன்றரை மீட்டர்.
இழுத்துப் பார்த்தேன், நிலைப்படிவரைகூட எட்டவில்லை.
மற்றதாக இருந்தால்
அவனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடந்திருப்பேன்,
இடுப்புக் குழந்தைக்கு நிலாக் காட்டுவதுபோல.
கைபேசியில் காட்டியிருக்கலாம்.
பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"வராது" என்றேன்.
"என்ன வராது?"
"இது நகராது. நீ வந்து பார்."

அவன் முகம் அசையவில்லை.
நின்றது இணைப்பா அவனா என்று
ஒரு கணம் தெரியவில்லை.

எஸ்தெரே ஓடிப்போய்
சன்னலிடுக்கில் செருகிய துணியை உருவி வந்து
கேமராமுன் ஆட்டினாள்,
"பார் அப்பா, எவ்வளவு ஈரம்."
திறந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைந்து
மேசைமேலிருந்த வரித்தாள்களை
ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கியது.
நான் குனிந்து பொறுக்கினேன்.
மேலே, திரையில்,
"அந்தக் கடைசித் தாள், அலமாரிக்கு அடியில்" என்றான்.