கசிவு

போகிக்கு முந்தின நாள் பாய்லரை அணைத்தோம்.
பதினோரு நாள் லீவு.
சாயப்பட்டறை முழுக்க அப்படியோர் அமைதி,
காதுக்குள் தண்ணீர் போன மாதிரி.

தொட்டி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.
தீப்பிடித்தால் இறைக்கவென்று
பாய்லர் ரூமுக்கு வடக்கே,
வெயில் எட்டாத மூலையில் கட்டியது.
நீராவிக் குழாயின் கசிவு மூன்று வருஷமாக
அதில் ஒழுகிக்கொண்டிருந்தது.
சரிசெய்யச் சொல்லி நானே
ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேனேஜர் வீடு மாறியபோது
கண்ணாடித் தொட்டி மீன்களை அதில் கவிழ்த்துவிட்டுப் போனார்.
கறுப்பு மோலி, கப்பி.
எந்தத் தேசத்து ஆறோ, எனக்குத் தெரியாது.
திருப்பூர் மங்கலம் ரோட்டில்
இருபத்தெட்டு டிகிரி கிடைத்தது,
குட்டி போட்டு இருந்துகொண்டன.

மீன்கடை அர்த்தநாரி சொன்னார்:
"இருபதுக்குக் கீழ போச்சுன்னா செரமமுங்க.
ஹீட்டர் எண்ணூத்தம்பது."
அங்கே பிளக் பாயிண்ட் இல்லை என்றேன்.
அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போனார்.

சாயம் பார்க்கிற தெர்மாமீட்டரை
லேப் சுகந்தாமணியிடம் கேட்டு வாங்கினேன்.
இருபத்தாறு.
மாட்டுப் பொங்கலன்று இருபத்தொன்றரை.
வீடு நிறைய ஒரம்பரை இருக்க
விடியுமுன் பைக்கை எடுத்தேன்.
"மீனுக்குக் காய்ச்சலா?" என்று சிரித்தான் மச்சான்.
காய்ச்சல் வந்தால் தேவலையே என்றிருந்தது.

பத்தாம் நாள் பனியில் பத்தொன்பது.
பெரிய மோலிகள் மிதந்தன.
ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே
உடம்பை உலுக்கிக்கொண்டிருந்தது,
ஸ்டார்ட் ஆகாத மொபெட் போல.
கப்பிகள் அடியில்,
சாயம் வெளிறிய பனியன் வெட்டுகள்.
விரலை விட்டேன். ஒன்று நகர்ந்தது.
எண்ணத் தொடங்கி, வேண்டாமென்று விட்டேன்.

மறுநாள் இரவு பாய்லர் ஏற்றவேண்டும்.
ஆறு மணி ஷிஃப்டுக்கு ஏழு கிலோ பிரஷர்.
குழாய்க்குள் நின்ற தண்ணீரெல்லாம் கொதித்து
அந்தக் கசிவு வழியேதான் முதலில் இறங்கும்.
குளிரில் பத்து நாள் தாங்கியது
சூட்டில் பத்து நிமிஷம் தாங்காது.
அர்த்தநாரி போனில் கொட்டாவி விட்டார்:
"ஆமாங்க, திடீர்னு சூடானாலும் போயிரும்."
முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கசிவுக்கடியில் பக்கெட்டைத் தொங்கவிட்டேன்.
நிறைந்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டி,
மணிக்கு அரைப் பக்கெட் மட்டும்
தொட்டி ஓரமாகச் சரித்தேன்.
கை ரெண்டிலும் கொப்புளம்.
நெருப்பையும் மெதுவாகத்தான் ஏற்றினேன்,
அது பட்டறைக்குத் தெரியக்கூடாத கணக்கு.

நாலு மணிக்கு இருபத்து மூன்று.
உலுக்கிக்கொண்டிருந்த மோலியைக் காணோம்.
தேட டார்ச் இருந்தது, தேடவில்லை.

மேனேஜர் போன்:
"பிரஷர் ஏனப்பா இன்னும் வரல?"
பழைய கசிவு ஒண்ணுங்க என்றேன்.
"எழுதிக் குடு, இந்தத் தடவை அடைச்சிரலாம்."

அடியிலிருந்து ஒரு கப்பி
பாதி ஆழம் வரை ஏறிவந்து
என்னவோ யோசித்து நின்றது.

சட்டைப்பையில் பேனா இருந்தது.
பாரம் மேசைமேல் இருந்தது.
பக்கெட் நிறைந்துவிட்டது, போனேன்.