பதினேழாம் சேனல்

பத்தொன்பது வருடத்தில் எனக்கு நான்கு சட்டை.
முதலாவதில் பேஷோர் கேபிள் என்று நூலால் தைத்திருந்தது.
இரண்டாவதில் அச்சு. மூன்றாவதில் ஒட்டுத்துணி.
இப்போதையது துவைத்தால் எழுத்து உதிர்கிறது.
ஏணி மட்டும் அதே ஏணி.
வண்டிக் கதவில் புதுப் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்;
குளிரில் ஓரம் சுருண்டு
பழைய பெயர் எட்டிப் பார்க்கிறது,
அதன் அடியில் அதற்கும் பழையது.

இணைகிறோம் என்று கடிதம் வந்தது.
வழவழப்பான தாள், சிரிக்கும் ஒரு குடும்பம்,
நாய் உள்பட எல்லாருக்கும் நல்ல பல்.
கல்யாணம் அவர்களுக்கு.
மொய் எழுதியது ஈரி நகரம்:
மாதம் பதினோரு டாலர் நாற்பது சென்ட்,
வட்டார விளையாட்டுக் கட்டணம் என்ற பெயரில்.
பந்தையே பார்க்காத லூத்தரன் பாதிரியார் வீட்டுக்கும்.

கிளாரிஸ் டோம்ப்ரோஸ்கி கோபப்பட்டது பணத்துக்கு அல்ல.
அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
விடிகாலை நாலே முக்கால்,
காபி இறங்குகிற நேரத்தில்
பதினேழாம் சேனலை வைப்பாள்.
அதில் நடிகர் இல்லை, செய்தி இல்லை, பேச்சு இல்லை.
படகுத்துறைக் கம்பத்தில் எப்போதோ யாரோ மாட்டிய காமிரா,
அதன் முன்னால் ஏரி.
அவ்வளவுதான் நிகழ்ச்சி.
தூரத்துக் கலங்கரை விளக்கு தெரிந்தால் வழக்கமான பாதை.
மங்கினால் சக்கரத்துக்குச் சங்கிலி.
விளக்கே இல்லையென்றால்
பனி ஏரியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது,
நாற்பது நிமிடத்தில் கரையேறும்.

இப்போது பதினேழில் ஒருவன் கத்தி விற்கிறான்.
தக்காளியை வெட்டுகிறான், செருப்பை வெட்டுகிறான்,
மறுபடி தக்காளி.

அவள் போன் செய்தாள்.
ஒன்றை அழுத்தினாள், நான்கை அழுத்தினாள்,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்பதை
இருபத்தாறு முறை கேட்டாள்.
கடைசியில் வந்த பையன், பாவம், மரியாதையானவன்.
"எந்த ஏரி, மேடம்?" என்றான்.

பெட்டியை மாற்ற என்னை அனுப்பினார்கள்.
மாற்றினேன்.
புதுப் பெட்டி, பழைய கம்பி, கத்திக்காரன்.
"பார்க்கிறவர்கள் குறைவாம்" என்றாள்.
"ஒரு ஏரியை எத்தனை பேர் பார்த்தால் போதும்?"
நான் கையெழுத்துக்குத் திரையை நீட்டினேன்.
விரலால் ஒரு கோடு கிழித்தாள்.

அவளிடம் நான் சொல்லாதது:
காமிராவை யாரும் அணைக்கவில்லை.
வாங்கியவர்களின் பட்டியலில் அது இல்லவே இல்லை;
இல்லாததை எப்படி நிறுத்துவது?
ஊர்க்கோடியில், சன்னலில்லாத எங்கள் அறைக்கு
ஏரி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.
உள்ளங்கை அகலச் சோதனைத் திரையில்
அலை வருகிறது, பனிக்கட்டி வருகிறது,
ஒரு கடற்காகம் காமிரா மேல் உட்கார்ந்து வாலைக் காட்டுகிறது.
அங்கிருந்து வீடுகளுக்குப் போக வேண்டிய கம்பி
ஒன்றரை அடி தள்ளித் தொங்குகிறது.

மாட்டிவிடலாம். பத்து நொடி வேலை.
ஆனால் பதினேழு கத்திக்காரனுடையது, ஒப்பந்தம் போட்டாயிற்று.
என் பெண்ணின் பல் வைத்தியம்
இந்தச் சட்டையில்தான் நடக்கிறது.
மாட்டவில்லை.

ஜனவரியில் இரவுப் பணி கேட்டு வாங்கினேன்.
நாலே முக்காலுக்கு அவள் எண்ணுக்கு ஒரு வரி:
"விளக்கு தெரிகிறது."
சில நாள், "பாதி."
பதினெட்டாம் தேதி, "இல்லை."
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும்.
ஒரே ஒரு தடவை கேட்டாள்,
"இதற்கு நான் யாருக்குக் கட்ட வேண்டும்?"
எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

நேற்று இன்னொரு கடிதம்.
வேறு குடும்பம், வேறு நாய்.
சட்டை அளவு கேட்டிருக்கிறார்கள்.
ஒரு அளவு பெரிதாகவே எழுதினேன்,
உள்ளே கம்பளி போட வேண்டும்,
அந்த அறையில் விடிகாலை தாங்காது.