ஒரு பக்கக் கூலி

இரவு பதினொன்றே காலுக்கு
கெமியார்வி நகராட்சியின் மஞ்சள் எந்திரம்
என் பட்டறை வாசலில் வந்து நின்றது.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
முதியோர் இல்லத்துத் தெருவில்
குழாய் வெடித்துவிட்டது,
தண்ணீர் போகிற போக்கிலேயே கல்லாகிறது
என்றான் தௌனோ.
வணக்கம் சொல்லவில்லை.
ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம்,
அப்போதும் சொன்னதில்லை.

வாளியில் ஐந்து பற்கள்.
ஐந்தும் மொண்ணை.
கட்டைவிரல்போல் உருண்டு
உறைந்த மண்ணைத் தோண்டாமல்
தடவிக்கொடுத்துவிட்டு வந்திருக்கின்றன.

யார் பூசினது?
ரொவானியெமியில்.
இரண்டு பக்கமுமா?
இரண்டு பக்கமும்தான்.
அதற்குத்தானே இரட்டைக் காசு கொடுத்தேன்.

விளக்கை இழுத்துக் காட்டினேன்:
இரண்டு பக்கமும் கெட்டியானால்
இரண்டும் ஒன்றாய்த் தேயும்.
முனை குதிகாலாகும்.
மேல்முகத்தில் மட்டும் குரோமியம் கார்பைடு,
மூன்று மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம்.
அடிப்பக்கம் வெறும் எஃகு.
அதை மண் தின்னட்டும்.
தின்னத் தின்ன
மேலிருக்கும் மெல்லிய ஓரம்
வெளியே வந்துகொண்டே இருக்கும்.
தனியாகச் சாணை எதற்கு,
தோண்டும்போதே தீட்டிக்கொள்ளும்.

பீவர் பல், என்றான்.
ஓடைக்கரையில் அணை பிரிக்கப் போனபோது
செத்துக் கிடந்த ஒன்றின் வாயைத் திறந்து பார்த்தானாம்.
முன்பக்கம் துருநிறம், இரும்பேறிய கெட்டி.
பின்பக்கம் வெளுத்து, குழைந்து, குழிந்து.
எனக்குச் சொல்லவேயில்லையே இதை?
நீ கேட்கவேயில்லையே.

கொஞ்ச நேரம் கழித்து
தொண்டையைச் செருமிக்கொண்டு
அப்படிப் பார்த்தால் இர்மெலி, நாம் ரெண்டு பேரும்,
என்று ஆரம்பித்தான்.
பல்லைப் பிடி, என்றேன்.

முதலில் அடிப்பக்கத்துப் பூச்சை
அரைத்து எடுக்கவே ஒரு மணி நேரம்.
பிறகு ஊதுவிளக்கில் ஒவ்வொரு பல்லாய்ச் சூடேற்றி
வெப்பச் சுண்ணக்கட்டி உருகும்வரை காத்திருந்து
மேல்முகத்தில் வரி வரியாய் இழுத்தேன்.
அவன் திரும்பி நின்று
சுவரில் தன் நிழல் நீலமாய்த் துடிப்பதைப் பார்த்திருந்தான்.

ஆறும்போது சத்தம் வந்தது.
டிக்.
டிக் டிக்.
விரிசல் விடுது! என்று பதறினான்.
விடும். விடணும்.
மயிரிழையாய்க் குறுக்கே குறுக்கே விட்டால்தான்
மொத்தமாய்ப் பெயர்ந்து வராது.
கம்பளியைப் போர்த்திவிட்டு
அதன் மேல் உட்கார்ந்து கேட்டோம்.
எதையும் நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
எங்கள் வீட்டில்
ஒரு தட்டுகூட உடைந்ததில்லை.

மூன்று மணிக்குப் போனான்.
ஆறரைக்கு நானும் போய்ப் பார்த்தேன்,
வேலை நின்றதா என்று பார்க்க, அவ்வளவுதான்.
ஒன்றே முக்கால் மீட்டர் பள்ளம்.
பள்ளத்தின் சுவரில் ஐந்து கோடுகள்
பாளம் பாளமாய், பிசிறில்லாமல்.
ஒரு பிர்ச் மர வேர்
சோப்பை அறுத்தமாதிரி வெளுப்பாய்த் தெரிந்தது.
இல்லத்தின் மாடி ஜன்னலில்
யாரோ கெட்டிலைத் தூக்கிக் காட்டினார்கள்,
தண்ணீர் வந்துவிட்டது என்றோ
இன்னும் வரவில்லை என்றோ.

ரசீதை நீட்டினேன்.
வண்டிப்படியில் உட்கார்ந்து படித்தான்.
ஒரு பக்கம்தானே பூசினாய்,
பாதிதானே வரணும்?

பூசாமல் விட்ட பக்கத்துக்கும் சேர்த்துத்தான்
செய்கூலி, என்றேன்.

அப்போ சேதாரம்?

அதை மண்ணிடம் கேள்.

பேனா மை உறைந்திருந்தது.
வாய்க்குள் வைத்து ஊதி ஊதி
எப்படியோ கையெழுத்துப் போட்டான்.
மார்ச்சில் கழற்றிக்கொண்டு வரட்டுமா,
அடிப்பக்கம் எவ்வளவு போயிருக்கு என்று பார்க்க?

பல் மட்டும் போதும், என்றேன்.
வாளியைத் தூக்கிக்கொண்டு வராதே.